உள்ளூராட்சி ஊழியர்களுக்கு முறையாக நன்றி தெரிவிப்பது எப்படி?

மேற்பிரிவு ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். எங்கள் வீடும் அதே தோட்டத்தின் மேற்பிரிவில்தான் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் எங்கள் லயங்களுக்கு, அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளுக்கு, பின்னால் இருந்த மண்மேடு சரிந்து இறங்கியது. இரண்டு லயங்களின் பின்கட்டுகள் மண்ணுக்குள் போயின, ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோயிருந்த அந்த மாலையில் எங்கள் கிராம உத்தியோகத்தர் அம்மா நனைந்துகொண்டே கீழ்ப் பாதையிலிருந்து நடந்து வந்து, ஒவ்வொரு காம்பராவின் (லயத்து வீட்டின்) கதவையும் தட்டி, எல்லோரையும் பாடசாலைக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார். அவருடைய தாய்மொழி சிங்களம். தெரிந்த சில தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு, வராமல் அடம்பிடித்த வயதானவர்களின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். நிலத்தில் புதிதாக விழுந்திருந்த வெடிப்பையும், பீலித் தண்ணீர் திடீரெனச் சேறாக வந்ததையும் எங்களுக்குச் சுட்டிக்காட்டி, இவைதான் மண் இறங்கப்போவதன் அறிகுறிகள் என்று புரியவைத்தவரும் அவர்தான். கடைசி வீடும் காலியான பிறகே அவர் பாடசாலைக்கு வந்தார்.

அதற்கடுத்த நாட்களில் பிரதேச சபையின் பெக்கோ இயந்திரச் சாரதியும் ட்ரக்டர் சாரதியும் நான்கு தொழிலாளர்களும் பாதையைத் திறந்து கொடுத்தார்கள். அந்த நால்வரில் ஒருவருடைய வீடும் அதே மழையில் சேதமடைந்திருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. சேத விண்ணப்பங்களை நிரப்பத் தெரியாமல் நின்ற எங்கள் தாய்மாருக்கு, பிரதேச செயலகத்தில் ஒரு தமிழ் முகாமைத்துவ உதவியாளர் மதிய உணவு நேரத்திலும் எழுந்து போகாமல் ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தார்.

இப்போது மாரியம்மன் கோயில் திருவிழா வருகிறது. அந்த மேடையில் பாராட்டு விழா நடத்தலாம் என்று கோயில் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. பொன்னாடைக்கும் மாலைக்கும் பெயர் எழுதியிருக்கும் பட்டியலில் அரசியல் பிரமுகர்கள் இருக்கிறார்கள், மேலே நான் சொன்னவர்களில் ஒருவரும் இல்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் சேர்த்து அந்த ஊழியர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்பது இன்னொரு தரப்பின் யோசனை. இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வேலை செய்தவர்களைச் சரியாகச் சென்றடையும் விதத்தில், அவர்களுக்குச் சிக்கல் எதுவும் வராமல் நன்றி சொல்ல என்ன வழி? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

மகள், உங்கள் கேள்வியைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். மத்திய மாகாணத்தின் உள்ளூராட்சி மன்றங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். மன்றங்களில் ஊழியர்களின் தனிநபர் கோவைகளைப் பேணும் பொறுப்பும் பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. அந்தக் கோவைகளைத் திறந்தால் முறைப்பாட்டுக் கடிதங்களையும் விளக்கம் கோரும் கடிதங்களையும் காணலாம். நன்றிக் கடிதம் காண்பது மிக அரிது. பொன்னாடை வீட்டு அலுமாரியில் மடிந்து கிடக்கும், ஆனால் கோவைக்குள் போகும் ஒரு தாள் அந்த ஊழியர் ஓய்வுபெறும் நாள் வரை அவரோடு கூடவே வரும். இடமாற்றமோ பதவியுயர்வோ விசாரணையோ எதுவாக இருந்தாலும் அதிகாரிகள் புரட்டிப் பார்ப்பது அந்தக் கோவையைத்தான். ஆகவே முதலில் கடிதம் எழுதுங்கள், விழா அதற்குப் பிறகு இருக்கட்டும்.

கடிதத்தை யாருக்கு எழுதுவது என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். பிரதேச சபையும் பிரதேச செயலகமும் பெயரில் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றென்றே நம் மக்கள் எண்ணுகிறார்கள். பிரதேச சபை என்பது நாம் வாக்களித்துத் தெரிவு செய்யும் உள்ளூராட்சி மன்றம், அதன் ஊழியர்கள் மாகாண நிர்வாகத்தின் கீழ் வருகிறார்கள். பிரதேச செயலகம் மத்திய அரசாங்கத்தின் அலுவலகம், கிராம உத்தியோகத்தர் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர். ஆகவே கிராம உத்தியோகத்தர் அம்மாவையும் விண்ணப்பம் நிரப்பித் தந்த உதவியாளரையும் பற்றிய கடிதங்களைப் பிரதேச செயலாளருக்கு முகவரியிட்டு, பிரதியை மாவட்டச் செயலாளருக்கு அனுப்புங்கள். பெக்கோ சாரதி, ட்ரக்டர் சாரதி, தொழிலாளர்கள் ஆகியோரைப் பற்றிய கடிதம் பிரதேச சபையின் செயலாளருக்குப் போகவேண்டும், அதன் பிரதி உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்குப் போகவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ குடும்பநல உத்தியோகத்தருக்கோ நன்றி சொல்ல விரும்பினால் அது சுகாதார வைத்திய அதிகாரிக்கு உரியது. ஒரே கடிதத்தில் எல்லோரையும் சேர்த்து எழுதினால் எந்த அலுவலகமும் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாது. நபருக்கு ஒன்றாகத் தனித்தனியே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

என்ன எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "சிறப்பான சேவை ஆற்றினார்" என்ற வாக்கியம் யாருக்கும் எதையும் சொல்லாது. எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த இடம், அவர் செய்த காரியம் எது, அதனால் எத்தனை குடும்பங்களுக்கு என்ன நேராமல் போனது என்று எழுதுங்கள். பெயரையும் பதவியையும் சரியாகக் குறிப்பிடுங்கள். தமிழில் எழுதத் தயங்கவே வேண்டாம். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. ஆனால் அந்த அம்மாவைப் பற்றிய கடிதத்துக்கு மட்டும் ஒரு சிங்கள மொழிபெயர்ப்பையும் இணைத்து விடுங்கள். தம்மைப் பற்றித் தோட்டத்து மக்கள் எழுதியதை அவர் யாருடைய உதவியும் இல்லாமல் தாமே வாசிக்கவேண்டும் அல்லவா?

பணம் சேர்ப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வேலை நடக்கும் இடத்தில் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து உபசரிப்பது நம் மக்களின் பழக்கம், அதை யாரும் குறைகூறப் போவதில்லை. ஆனால் அரச ஊழியர் ஒருவர் தம் கடமைக்காகப் பொதுமக்களிடம் பணம் வாங்கினார் என்று ஒரு மொட்டைக் கடிதம் போனாலே போதும், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருக்கும் காலத்தில் அவர் படவேண்டிய அல்லல் மிகப் பெரிது. நன்றி சொல்லப் போய் அவருக்குக் கேடு செய்துவிடக் கூடாது.

இன்னுமொரு வழியும் உண்டு. உங்கள் வட்டார உறுப்பினர் மூலமாகச் சபையின் மாதாந்தக் கூட்டத்தில் நன்றிப் பிரேரணை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லலாம். நிறைவேறினால் அது கூட்டறிக்கையில் பதிவாகும். உறுப்பினர்களுக்கும் அதில் மதிப்பு உண்டு என்பதால் மறுக்க மாட்டார்கள். நான் உறுப்பினர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச் மாதத்தில் முடிந்தது, அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. குப்பை அள்ளியதும், நூலகத்தைத் திறந்ததும், தெருவிளக்கு மாற்றியதும் செயலாளர்களும் ஊழியர்களும்தான் என்பதை விழா மேடையில் யாராவது ஒருவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

கீழ்ப்பிரிவு இளைஞன் எழுதியது:

ஆசிரியைக்கும் ஐயாவுக்கும் வணக்கம். உயிரைக் காப்பாற்றிய அந்த அம்மாவுக்கு நன்றி சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பாதை திறந்ததற்காகவும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததற்காகவும் பாராட்டு விழா எடுப்பது, நமக்கு உரிமையாகக் கிடைக்கவேண்டியதைக் கருணையாகக் கிடைத்ததென்று நாமே ஒப்புக்கொள்வது போல ஆகாதா என்ற கேள்வி எனக்குள் எழுகிறது.

பழைய கதையை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. பயிர்ச்செய்கைக் காணிகள் மீது ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு, நம் தாய் தந்தையர் வரிசையில் நின்று சபைக்கு வாக்களிக்கவும் செய்தார்கள். ஆனால் அந்தச் சபையின் ட்ரக்டர் தோட்டத்து எல்லைப் பலகையைத் தாண்டி உள்ளே வந்து ஒரு கூடை மண் அள்ளக்கூடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2018இல் திருத்தச் சட்டம் நிறைவேறிய பிறகுதான் அந்த வாசல் திறந்தது. முப்பது ஆண்டுகள் மூடியிருந்த கதவு அது. பல பிரிவுகளில் இன்றும் பாதை தோட்ட நிருவாகத்தினுடையதா, சபையினுடையதா என்று ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் நிலைதான் இருக்கிறது. எங்கள் பிரிவில் மயானத்துக்குப் போகும் பாதைக்கு நான்கு முறை மனு எழுதியிருக்கிறோம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. நன்றிக் கடிதம் எழுதுங்கள், ஆனால் அதே கடிதத்தோடு நிற்காமல், மண்மேட்டுக்குக் கீழே இன்னும் வசிக்கும் குடும்பங்களின் நிலை என்ன, மாற்றுக் காணி எப்போது கிடைக்கும் என்பதையும் தனியே எழுதிக் கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு காலைப் பொழுதில் லயங்கள் அப்படியே புதைந்தன. அங்கும் ஆபத்து இருப்பது முன்கூட்டியே தெரிந்துதான் இருந்தது. நாம் நன்றி சொல்லி முடித்துவிட்டதால் எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் எந்த மேசையிலும் தோன்றிவிடக் கூடாது.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன 33ஆம் பிரிவின் காலத்தில் நான் அந்த மேசைக்கு உள்பக்கம் இருந்தவன். தோட்டத்திலிருந்து வந்த மனுக்களுக்கு "சட்டத்தில் இடமில்லை" என்று பதில் தட்டச்சு செய்த கை இது. அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. உங்கள் கோரிக்கையில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன். மனுவும் நன்றியும் வேறு வேறு கடிதங்களாக இருக்கட்டும் என்பது மட்டுமே என் யோசனை. இரண்டையும் கலந்தால் நன்றி பின்தள்ளப்பட்டு, கடிதம் மனுக் கோவைக்குள் போய்விடும், ஊழியரின் கோவைக்குப் போகாது. மனுவுக்குப் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். அந்த மயானப் பாதைக்கும் அப்படியே கேட்கலாம்.

நகரசபை லயத்து மகள் எழுதியது:

நான் பதில் எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். என் அப்பா மலையகத்தின் ஒரு நகரத்தில் துப்புரவுத் தொழிலாளியாக இருந்தார், தாத்தாவும் அதே வேலைதான் செய்தார். நகரசபை கொடுத்த லயத்தில் பிறந்து, அந்த முகவரியைப் பாடசாலையில் சொல்லத் தயங்கி வளர்ந்தவள் நான். இன்று நான் ஓர் அரச அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நன்றி என்பது எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது, எப்படி வராமல் போனது என்பதை எனக்குத் தெரிந்தவரையில் சொல்கிறேன்.

மலைநாட்டு நகரங்களில் குப்பை அள்ளுவது சமவெளியில் அள்ளுவது போன்றதல்ல. பாதையிலிருந்து வீடுகளுக்குப் படி இறங்கவேண்டும் அல்லது ஏறவேண்டும். நனைந்த குப்பைப் பையின் பாரம் இரண்டு மடங்கு. சித்திரை மாதத்தில் நுவரெலியாவில் வசந்தகாலம் என்றால் ஊர் முழுவதும் உல்லாசப் பயணிகள், அவர்கள் இரவில் போட்டதை விடிவதற்குள் அள்ளியாக வேண்டும். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை யாத்திரிகர்கள் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் போத்தல்களை யாரோ ஒருவர் முதுகில் சுமந்துதான் கீழே கொண்டுவர வேண்டும், அந்தப் படிகளில் ட்ரக்டர் ஏறாது. அந்த யாரோ ஒருவரின் பெயரை மலையேறி வணங்கிய எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

என் அப்பாவுக்கு இரண்டு முறை மேடையில் மாலை போட்டார்கள். அவர் வாங்கிக்கொண்டு வந்து அமைதியாக ஆணியில் மாட்டினார். ஆனால் அவர் வீட்டில் வந்து வாய்நிறையச் சொன்னது வேறொரு சம்பவத்தை. ஒரு தெருவில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், உடைந்த கண்ணாடியைத் தனியே கடதாசியில் சுற்றி, மேலே "கண்ணாடி, கவனம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்திருந்தாராம். அப்பாவின் உள்ளங்கையில் அதற்கு முன் மூன்று தழும்புகள் இருந்தன. அந்த ஆசிரியர் அவரைப் பெயர் சொல்லி அழைப்பார், மற்றவர்கள் எல்லோரும் "குப்பைக்காரன்" என்றுதான் அழைத்தார்கள். அந்தத் தெருவுக்குப் போகும் நாளில் அப்பா சவரம் செய்துகொண்டு போவார்.

கொவிட் பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் ஊரே கதவடைத்திருந்தபோது அவர் போன்றவர்கள் தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் கழிவுகளையும் அள்ளினார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் நின்றபோது கைவண்டி தள்ளினார்கள். இவர்களில் பலர் அமைய அடிப்படையில், நாட்சம்பளத்துக்கு, நிரந்தர நியமனத்தை எதிர்பார்த்து வருடக்கணக்கில் வேலை செய்பவர்கள். ஆசிரியை குறிப்பிட்ட நான்கு தொழிலாளர்களும் அப்படிப்பட்டவர்களா என்று முதலில் விசாரியுங்கள். அமைய ஊழியருக்குத் தனிநபர் கோவை சரியாகப் பேணப்படாமல் இருக்கலாம். அப்படியானால் செயலாளருக்கு எழுதும் கடிதத்தின் ஒரு பிரதியைக் கையொப்பங்களோடு அவர் கையிலேயே கொடுங்கள். நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை ஒன்று வந்தால் அவர் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும். என் அப்பாவிடம் அப்படி ஒரு தாள்கூட இருக்கவில்லை.

தம்பி கேட்டதற்கும் ஒரு வார்த்தை. உரிமைக்கு நன்றி சொல்லக் கூடாது என்பது சட்டத்தை எழுதியவர்களுக்குப் பொருந்தும். மழையில் நின்று மண்வெட்டி பிடித்தவர் அந்தச் சட்டத்தை எழுதவில்லை. அவரும் நம்மைப் போல ஒரு லயத்திலிருந்து வந்தவராகத்தான் இருப்பார்.

மேற்பிரிவு ஆசிரியை எழுதியது:

உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. அக்கா, உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைக் கமிட்டிக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். கூட்டத்தில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு தலைவர் ஐயாவே பட்டியலை எடுத்து மாற்றி எழுதினார்.

முடிவானவை இவை. பணம் சேர்ப்பதைக் கைவிட்டோம். திருவிழாவில் பிரமுகர்கள் வந்தால் வழக்கம்போல வரவேற்போம், ஆனால் மேடையில் வாசிக்கப்படப் போவது ஒன்பது பேருடைய பெயர்கள்தான். அந்த எண்ணிக்கையில் எனக்கே தெரியாத ஒருவரும் இருக்கிறார். அன்றிரவு கோயிலின் பெட்ரோமக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு கிராம உத்தியோகத்தர் அம்மாவோடு லயன் லயனாக நடந்தவர் சபையின் தெருவிளக்குத் தொழிலாளி என்பதை விசாரித்த பிறகே அறிந்தோம். நான்கு தொழிலாளர்களில் மூவர் அமைய ஊழியர்கள். அவர்களுக்கான பிரதிகளைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். தம்பியின் வேண்டுகோளின்படி மாற்றுக் காணி பற்றிய மனுவை வேறு கடிதமாக எழுதி, 24 குடும்பங்களின் கையொப்பமும் வாங்கிவிட்டோம்.

கிராம உத்தியோகத்தர் அம்மாவைப் பற்றிய கடிதத்தின் நடுப்பகுதியை இங்கே தருகிறேன். ஐயா ஒருமுறை பார்த்து, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"அன்று மாலை ஆறு மணியளவில் எங்கள் பிரிவுக்கு வரும் பாதை இரண்டு இடங்களில் அடைபட்டிருந்தது. அவர் வாகனத்தை விட்டுவிட்டு, தேயிலை மலைக்குள்ளாக நடந்து வந்தார். 24 காம்பராக்களின் கதவுகளையும் தாமே தட்டினார். வர மறுத்த 2 முதியவர்களின் வீட்டில் அவர்கள் சம்மதிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். இரவு பத்து மணிக்கு முன்னர் மண்மேடு இறங்கியபோது அந்தக் காம்பராக்களில் ஒருவரும் இருக்கவில்லை. பாடசாலைக்கு வந்த பின்னர் அவர் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் வாசித்து, குழந்தைகளை இரண்டு முறை எண்ணினார். மறுநாள் காலை வரை அவர் தம் வீட்டாரோடு பேச வழி இருக்கவில்லை. இவற்றை நேரில் கண்டவர்களாகிய நாங்கள் கீழே கையொப்பமிடுகிறோம். எழுதத் தெரியாத 5 பேர் பெருவிரல் அடையாளம் இட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்னவற்றை அவர்களுடைய சொற்களிலேயே பின்னிணைப்பில் எழுதியுள்ளோம்."

சிங்கள மொழிபெயர்ப்பை எங்கள் பாடசாலையின் இரண்டாம் மொழி ஆசிரியர் செய்து தந்திருக்கிறார். நாளை தபாலகத்துக்குப் போகிறேன்.